மகள் அனுப்பிய மூன்று டப்பாக்கள்: முதுமையைத் தள்ளிப்போட எதைச் சாப்பிடலாம்?

கேள்வி: எனக்கு 57 வயது. தஞ்சாவூரில் இருக்கிறோம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். பிரஷர், சர்க்கரை கிடையாது. கணவருக்கு 63 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகள், வயதாவதைத் தள்ளிப்போடும் என்று மூன்று டப்பா அனுப்பியிருக்கிறாள். ஒன்று என்எம்என், இன்னொன்று ரெஸ்வெரட்ரால், மூன்றாவது கொலாஜன் பொடி. முடி கொட்டுவதால் நானாகவே பயோட்டின் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். நாங்கள் இருவரும் இவற்றை எடுத்துக்கொள்ளலாமா? மற்றபடி நன்றாகவே இருக்கிறேன். தரையில் உட்கார்ந்தால் மட்டும் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். முதியோர் மருத்துவம் பார்க்கும் எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மூன்று டப்பாவிலும் அதற்கு மருந்து இல்லை. ஆனால் அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

இன்று மாலை ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கை வைக்காத, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஐந்து முறை முழுதாக எழுந்து நின்று உட்காருங்கள். கணவர் பக்கத்தில் நின்று போனில் நேரம் பார்க்கட்டும். அப்புறம் அவரை உட்காரவைத்து நீங்கள் பாருங்கள். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். வந்த எண்ணைத் தேதியோடு காலண்டரில் குறித்து வையுங்கள்.

முப்பது வயதைத் தாண்டினாலே தசை மெல்லக் கரையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேயும். எடை மெஷினில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். "எடை ஏறவே இல்லை டாக்டர், பத்து வருஷமா அதே 62 கிலோதான்" என்று சொல்பவர்களின் தொடையைத் தொட்டுப் பார்த்தால் தளர்ந்து கிடக்கும், வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வது தசைதான். அது குறையும்போது சர்க்கரை ஏறுகிறது, நடை தடுமாறுகிறது. ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைகிறது. எங்களிடம் படுத்த படுக்கையாக வருபவர்களில் பலருடைய கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

போன தசையைத் திரும்பப் பெற முடியுமா? முடியும். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் தளர்ந்துபோய் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, தொடைக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. எட்டே வாரத்தில் அவர்களது கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்தவர்களில் ஒருவர் எழுந்தார். உங்களுக்கு 57 வயதுதான்.

அதே குழு 1994-இல் செய்த அடுத்த ஆய்வு உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். இம்முறை நூறு முதியவர்கள், நான்கு பிரிவு. ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சத்துப் பானம், ஒரு பிரிவுக்கு இரண்டும், மற்றொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. சத்துப் பானத்தை மட்டும் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி குறையவில்லை. வேலை கொடுக்காத தசை, கொடுத்த சத்தை எடுத்துக்கொள்ளாது.

ஆகவே வாரத்தில் மூன்று நாள் ஒதுக்குங்கள். அதே நாற்காலிதான் முதல் கருவி. பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து எழுங்கள். உட்காரும்போதுதான் கவனம் வேண்டும். தொப்பென்று விழாமல், மனதுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும். தசைக்கு நல்ல வேலை அந்த இறக்கத்தில்தான் கிடைக்கிறது. எட்டிலிருந்து பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி செய்யுங்கள். பன்னிரண்டு முறை சுலபமாக வந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யலாம். பிறகு இரண்டு பாட்டில். இதோடு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. மொத்தமே இருபது நிமிடம்தான். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை போதவில்லை. முட்டியில் குத்துவலி வந்தால் நாற்காலிமேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், நிறுத்த வேண்டாம். கணவர் மட்டும் தொடங்குவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் இதயத்தையும் கண்ணின் விழித்திரையையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும்.

"தினமும் நடக்கிறோமே, போதாதா?" என்று கேட்பீர்கள். நடை இதயத்துக்கு நல்லது, அதை விட வேண்டாம். பத்தாயிரம் அடி என்ற கணக்குக்காகக் கவலைப்படவும் வேண்டாம். அது 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. சராசரியாக 72 வயதைத் தொட்ட அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது; 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் நடை மட்டும் தொடைத் தசையைப் போதிய அளவு வளர்க்காது.

அடுத்தது சாப்பாடு. நம் வீடுகளில் வயது ஏற ஏறப் புரதம் குறைந்துகொண்டே வருகிறது. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டால் சுமார் 6 கிராம் புரதம். ஓட்டல் சாம்பாராக இருந்தால் பருப்பைக் கரண்டியால் தேட வேண்டும். மதியம் சோறு, ரசம், ஒரு பொரியல். இரவு இரண்டு தோசை. கூட்டிப் பார்த்தால் பல பெண்களுக்கு நாற்பது கிராம்கூட வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை; வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை வேண்டும் என்பது முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. நீங்கள் 60 கிலோ என்றால் 60 கிராமுக்குக் குறையக் கூடாது. அதையும் ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லியோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலோ இருக்கட்டும். மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் மத்தி, நெத்திலி இரண்டும் விலை குறைந்தவை, ஒமேகா 3 நிறைந்தவை. முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலியில் கால்சியமும் கிடைக்கும். கணவருக்குச் சர்க்கரை இருப்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிட்டு அவருக்கு அளவைக் கூட்டுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் கணக்கே வேறு.

இப்போது டப்பாக்களுக்கு வருகிறேன்.

என்எம்என் உடலுக்குள் போய் என்ஏடி என்ற பொருளாக மாறுகிறது. செல்கள் ஆற்றலை உண்டாக்க அது தேவை. வயதோடு அது குறைகிறது என்பதும் உண்மை. அதனால் அதை ஏற்றினால் இளமை திரும்பும் என்று ஊகித்தார்கள். 2021-இல் மாதவிடாய் நின்ற, சர்க்கரை எல்லையில் இருந்த 25 பெண்களிடம் நாளுக்கு 250 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் சோதித்தார்கள். தசைகள் இன்சுலினுக்குச் சற்று நன்றாகப் பதிலளித்தன. எடையோ ரத்த அழுத்தமோ மாறவில்லை. மனிதர்களின் முதுமையை அது தள்ளிப்போடும் என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. அதன் நெருங்கிய உறவான என்ஆர் என்ற பொருளை அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. எலிகளின் ஆயுள்கூட நீளவில்லை.

ரெஸ்வெரட்ராலின் கதை இன்னும் பழையது. சிவப்பு திராட்சைத் தோலில் இருக்கும் பொருள் அது. அதை வைத்து ஆராய்ந்த ஒரு சிறு நிறுவனத்தை 2008-இல் கிளாக்ஸோ என்ற பெரிய மருந்து நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கியது. முதுமைக்கான மருந்து என்று எதுவும் அதிலிருந்து கடைக்கு வரவில்லை. வழக்கமான தீனி தின்ற எலிகளின் ஆயுளை இதுவும் நீட்டவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது.

கொலாஜன் பொடியும் புரதம்தான். வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதங்களைப் போலவே உடைக்கப்படுகிறது. நேராக முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. தசை வளர்க்கத் தேவையான டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் அதில் கிடையாது. அந்த விதத்தில் ஒரு முட்டை அதைவிட மேல். வந்துவிட்ட பொடியைச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை, தீர்ந்ததும் மறுபடி வாங்க வேண்டாம்.

தோல் சுருக்கம்தான் கவலை என்றால் வெயிலைப் பாருங்கள். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் மருத்துவ இதழில் வெளியானது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, ஆழமாக மடிந்து தொங்குகிறது. வலது கன்னம் பல வருடம் இளமையாகத் தெரிகிறது. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே சாப்பாடு. கண்ணாடி வழியாக வந்த புறஊதாக் கதிர்தான் வித்தியாசம். ஆஸ்திரேலியாவில் நாலரை வருடம் தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, இஷ்டப்படி பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. தஞ்சாவூர் வெயிலுக்குக் குடையும், முழுக்கை ரவிக்கையும், எஸ்பிஎஃப் 30 உள்ள க்ரீமும் போதும்.

பயோட்டினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் தைராய்டு மாத்திரை எடுப்பவர். அதிக அளவு பயோட்டின், சில லேப்களில் தைராய்டு ரத்தப் பரிசோதனையையே தவறாகக் காட்ட வைக்கும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் வரும். அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்தால், உங்களுக்கு உண்மையிலேயே தைராய்டு பற்றாமல் போகும். முடி இன்னும் கொட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதனால் பிசகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து டிஎஸ்எச், ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றும் பாருங்கள். முடி கொட்டுவதற்குக் காரணம் அந்த மூன்றில் ஒன்றில் தெரியலாம்.

சத்து மாத்திரைகள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. குறை இருந்தால் நிரப்பித்தான் ஆக வேண்டும். கணவர் எட்டு வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். அது உணவிலிருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவமாக இருந்தால் குறை இன்னும் சீக்கிரம் வரும். கால் மரத்துப்போனால் "சர்க்கரையால்தான்" என்று விட்டுவிடுகிறோம். மறதி வந்தால் "வயசாச்சு" என்கிறோம். பி12 குறைவு இரண்டையும் உண்டாக்கும், நேரத்தோடு கண்டால் இரண்டும் பெரும்பாலும் சரியாகும். அவருக்கு பி12 ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

வைட்டமின் டி-யும் அப்படித்தான், பார்த்துவிட்டுக் கொடுப்பது. வாரத்துக்கு ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையை, நன்றாக இருக்கிறதே என்று ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டு, வாந்தியும் மலச்சிக்கலும் குழப்பமுமாக வந்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. குறை இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுத்தால் அது என்ன தரும் என்பதையும் 25,871 பேரிடம் சோதித்துவிட்டார்கள். புற்றுநோய், மாரடைப்பு, எலும்பு முறிவு எதுவும் குறையவில்லை.

கூடுதலாகச் சாப்பிட்டால் கூடுதல் நன்மை என்ற நினைப்பு ஆபத்தானது. 1994-இல் ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சோதித்தபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் அதே பொருள்தான், மாத்திரையாகப் போனபோது இப்படிச் செய்தது. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் இருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

காதையும் கவனியுங்கள். கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். காது மந்தம் மறதி நோய்க்கான காரணிகளில் ஒன்று. அவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்க வேண்டும். அந்த எச்பிஏ1சி பரிசோதனை அளப்பதே ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். அதேபோலக் கண் லென்ஸிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் சர்க்கரை ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. அதைத் தடுக்கும் வேலையை மெட்ஃபார்மினும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் செய்கின்றன, என்எம்என் அல்ல.

மகளிடம் அன்போடு சொல்லுங்கள்: அடுத்த முறை டப்பாவுக்குப் பதில் காலில் கட்டும் ஒரு கிலோ எடைப் பட்டை இரண்டு வாங்கி அனுப்பட்டும். எட்டு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து எழுந்து நேரம் பாருங்கள். காலண்டரில் இருக்கும் பழைய எண், புதிய எண், இருவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினால் அடுத்து எவ்வளவு எடை கூட்டலாம் என்று சொல்கிறேன்.