மாநாட்டுக்குப் போய் வந்தாச்சு, அப்புறம்?

அஜைல் (மென்பொருளைச் சிறுசிறு கட்டங்களாகச் செய்யும் முறை) மாநாட்டுக்குப் போய்வந்தவர்களும், போய்வந்தவரிடம் மாட்டிக்கொண்டவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மூன்று நாளில் 18 அமர்வுகள் கேட்டேன். ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பு இருக்கிறது. எங்கள் ஊர் டெவலப்பர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசச் சொல்கிறார்கள். எதை விடுவது என்று தெரியவில்லை.

பதினேழை விட்டுவிடுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் முதல்முறை இப்படிப் பேசப் போனபோது 74 ஸ்லைடு கொண்டுபோனேன். ஒவ்வோர் அமர்வுக்கும் நாலைந்து: பேச்சாளர் பெயர், அவர் சொன்னது மூன்று வரி, ஒரு படம். ஐம்பது நிமிடம் மூச்சுவிடாமல் ஓட்டினேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "இதுல நீங்க எதைச் செஞ்சு பார்த்தீங்க?" என்று கேட்டார். ஒன்றையும் செய்திருக்கவில்லை. ஊர் வந்து சேர்ந்தே நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதை அசடு வழியச் சொன்னேன். அதற்கப்புறம் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, திரும்பி வந்த உடனே பேசுவதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. கேட்டதில் ஒன்றை எடுத்து எங்கள் டீமில் இரண்டு மூன்று ஸ்பிரிண்ட் (சில வார வேலைக் கட்டம்) ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் தேதி கொடுப்பேன். சென்ற தடவை எடுத்துக்கொண்டது, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைப்பது. இதன் கணக்கு புதிதல்ல. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிதான்: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் இழுக்கும் என்பது வரும். எங்கள் போர்டில் 12 டிக்கெட் (ஒரு டிக்கெட் ஒரு வேலை) திறந்து கிடந்தன. வாரத்துக்கு 3 முடியும். ஆக ஒரு டிக்கெட்டுக்கு 4 வாரம். வரம்பை 6 ஆக்கினால் 2 வாரம் என்று வெள்ளைப்பலகையில் எழுதிக் காட்டினேன். எல்லாருக்கும் சந்தோஷம்.

முதல் வாரமே சண்டை. வரம்பு நிரம்பிவிட்டதால் புது வேலை எடுக்க முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "டெஸ்டிங்ல கொஞ்சம் கைகொடுங்களேன்" என்றால், "அது என் வேலையா?" என்றார். அந்த வாரம் இரண்டுதான் முடிந்தது. நான் போட்ட கணக்கில் வேகம் குறையாது என்ற அனுமானம் ஒளிந்திருப்பதை அன்றைக்குத்தான் உறைக்கும்படி புரிந்துகொண்டேன். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு வரவே இல்லை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஆளாளுக்குத் தங்கள் டீம் கதையை எடுத்துவிட்டார்கள். நான் பேசியது இருபது நிமிடம், அவர்கள் பேசியது நாற்பது.

இப்போதே தேதி கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்த ஒன்றையும் "இன்னும் செய்து பார்க்கவில்லை, பார்க்கப்போகிறேன்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

வாயால் சொன்னால் தலையாட்டுகிறார்கள். கையால் செய்து காட்ட ஏதாவது இருக்கிறதா?

நாணய ஆட்டம். அஜைல் பயிற்சிகளில் பழைய சரக்குதான், ஆனால் இதுவரை சொதப்பியதில்லை. 20 நாணயம், வரிசையாக நான்கு பேர். ஒவ்வொருவரும் எல்லா நாணயத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். முதல் சுற்றில் 20ஐயும் புரட்டிய பிறகே தள்ளலாம். இரண்டாவதில் ஐந்தைந்தாக. மூன்றாவதில் ஒவ்வொன்றாக.

ஒரு நாணயத்துக்கு ஒரு நொடி என்று வையுங்கள். முதல் சுற்று முடிய 80 நொடி. கடைசியில் நிற்கும் வாடிக்கையாளர் அதுவரை ஒரு நாணயத்தைக்கூடப் பார்க்கமாட்டார். ஐந்தைந்தாகத் தள்ளினால் முதல் கட்டு 20ஆவது நொடியில் வந்துவிடும், மொத்தமும் 35இல் முடியும். ஒவ்வொன்றாகத் தள்ளினால் 4ஆவது நொடியில் முதல் நாணயம், 23இல் எல்லாம்.

நாலு பேருக்குப் பின்னாலும் ஸ்டாப்வாட்சோடு ஒவ்வொருவரை நிறுத்துங்கள். அவரவர் ஆளின் நேரத்தை மட்டும் அளக்கட்டும். மூன்றாவது சுற்றில் தனி ஆளின் நேரம் பெரும்பாலும் கூடியிருக்கும், மொத்த நேரமோ பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். "என் ஆள் மெதுவாகிவிட்டார்" என்று ஒருவர் புகார் சொல்வார். பேச்சை அங்கே தொடங்குங்கள்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நமக்கு ஒத்துவராது" என்று எதைச் சொன்னாலும் தட்டிக்கழிக்கிறார்கள்.

பல நேரம் அவர்கள் சொல்வது சரிதான். மேடையில் பேசுபவர் எப்படிச் செய்தார் என்பதைச் சொல்கிறார். எந்த நிலைமையில் செய்தார் என்பது அரை ஸ்லைடில் போய்விடுகிறது. ஸ்பாட்டிஃபை கதையைப் பாருங்கள். 2012இல் ஹென்ரிக் நீபெர்க், ஆண்டர்ஸ் இவார்சன் இருவரும் அங்கே டீம்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஸ்குவாட், ட்ரைப், சாப்டர், கில்டு என்ற குழுப் பெயர்கள் எல்லாம் அதில் வந்தவை. இது அந்த நேரத்து நிலைமைதான், இன்னும் மாறிக்கொண்டிருக்கிறோம் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். மற்ற நிறுவனங்கள் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தன. பழைய டிபார்ட்மென்டுக்கு ட்ரைப் என்று பெயர் வைத்தார்கள், மேனேஜர் அதே மேனேஜர்.

அதனால் எதைச் சொன்னாலும் அதன் சூழலையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனை பேர் டீம், ப்ரொடக்‌ஷனுக்கு (பயன்படுத்துபவர் கைக்கு) எத்தனை நாளுக்கொரு முறை போகிறார்கள், தானியங்கி டெஸ்ட் இருக்கிறதா, வாடிக்கையாளர் உள்ளேயா வெளியேயா. இந்த நான்கும் இருந்தால், கேட்பவரே நமக்குப் பொருந்துமா என்று முடிவு செய்துகொள்வார். நீங்கள் வாதாட வேண்டியதில்லை.

பேச்சாளர்களின் ஸ்லைடைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். காட்டலாமா?

அவர் பொதுவில் ஏற்றி, பகிரலாம் என்று சொல்லியிருந்தால் காட்டலாம். இல்லாவிட்டால் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் மறுத்தவர் குறைவு. இன்னும் நல்லது, உங்கள் கையாலேயே அந்தப் படத்தைப் போர்டில் வரைந்துவிட்டு, யாருடையது என்று சொல்லிவிடுவது.

இடைவேளையில், வரிசையில் நிற்கும்போது, "எங்க கம்பெனியில ரிலீஸ் எப்படி ஊத்திக்கிச்சு தெரியுமா" என்று ஒருவர் உங்களிடம் சொன்னாரே, அதில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். லண்டனில் உள்ள சர்வதேச விவகார ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸில் 1927 முதல் ஒரு விதி உண்டு: கேட்ட விஷயத்தைப் பயன்படுத்தலாம், சொன்னது யார், எந்த நிறுவனம், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதை வெளியே விடக்கூடாது. அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே துறைக்காரர்கள் கூடும் இடத்தில் "ஒரு பெரிய வங்கி" என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் நினைவிருக்கட்டும்.

நேற்று என்ன செய்தேன், இன்று என்ன, என்ன தடை என்று தினக் கூட்டத்தில் கேட்கும் மூன்று கேள்வியும் ஸ்க்ரமின் (அஜைல் முறைகளில் ஒன்று) கட்டாய விதி என்கிறார் எங்கள் குழுவின் சீனியர். அது போய்விட்டதாக மாநாட்டில் கேட்டேன்.

நீங்கள் கேட்டதுதான் சரி. ஸ்க்ரம் கையேட்டின் 2017 பதிப்பில் அவை வெறும் உதாரணமாகச் சுருங்கின, 2020 நவம்பர் பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். தினக் கூட்டத்துக்கு 15 நிமிடம் என்பது இருக்கிறது. சீனியரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்த வேண்டாம். கையேடு மொத்தமே 13 பக்கம், அனுப்பிவையுங்கள்.

ஸ்டோரி பாயின்ட்டையே (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஊகித்துப் போடும் எண்) தூக்கிப்போடச் சொன்னார்கள். இங்கே வந்து சொன்னதும் டீம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஸ்டோரி பாயின்ட்டை உருவாக்கியவர் தானாக இருக்கலாம், அப்படியானால் அதற்கு வருந்துகிறேன் என்று ரான் ஜெஃப்ரீஸே எழுதியிருக்கிறார். அதனால் கேள்வி நியாயமானது. ஆனால் இந்த முறைக்கே அடித்தளமான அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காகத் தூக்கவும் வேண்டாம், பழகிவிட்டது என்று கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

அடுத்த இரண்டு மாதம் பாயின்ட்டும் போடுங்கள், பக்கத்திலேயே முடிந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள். அடுத்த ஸ்பிரிண்டில் எவ்வளவு முடியும் என்று இரண்டை வைத்தும் ஊகியுங்கள். எது கிட்டத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். எங்கள் டீமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தவறின.

கேள்வி நேரம் என்றாலே எல்லாரும் மௌனமாகிவிடுகிறார்கள். சின்னக் குழு, 12 பேர்.

அப்படியென்றால் மேடையே வேண்டாம். லீன் காஃபி வையுங்கள். 2009இல் சியாட்டிலில் ஜிம் பென்சன், ஜெரமி லைட்ஸ்மித் இருவரும் தொடங்கிய முறை. ஆளுக்கொரு சீட்டில் பேச நினைப்பதை எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு புள்ளி ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய சீட்டு முதலில். ஐந்து நிமிட டைமர் அடித்ததும் கட்டைவிரல்: மேலே என்றால் தொடரலாம், கீழே என்றால் அடுத்த சீட்டு. மாநாட்டுக்குப் போனவர் தான் கேட்டதில் மூன்று தலைப்பைச் சீட்டாக எழுதிப் போட்டால் போதும். அதற்கு ஓட்டு விழாவிட்டால் வருத்தமாகத்தான் இருக்கும், எனக்கு விழாமல் போயிருக்கிறது. 12 பேர் என்பது கொஞ்சம் அதிகம், இரண்டு மேசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பேச்சைத் தமிழில் வைத்துக்கொள்ள ஆசை. பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்), ரெட்ரோ போன்றவற்றுக்குத் தமிழ்ச்சொல் போடவா?

வேண்டாம். ஆபீஸில் நாள் முழுக்க ரெட்ரோ என்று சொல்பவரிடம் "மீள்பார்வைக் கூட்டம்" என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று ஒரு கணம் யோசிப்பார். பெயர்ச்சொல் அப்படியே இருக்கட்டும், விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள்.

நான் மாநாட்டுக்குப் போகவில்லை. வீடியோ மட்டும் பார்த்தேன். எனக்குப் பேசத் தகுதி உண்டா?

பார்த்ததை உங்கள் டீமில் செய்து பார்த்தீர்களா? ஆமாம் என்றால் எனக்கும் தகவல் அனுப்புங்கள், நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். கேட்க ஒரு கேள்வி கைவசம் இருக்கிறது.