இறாலைக் கையில் எடுக்காமல் நலம் பார்க்க முடியுமா?

கேள்வி: புன்னைக்காயல் பக்கம் இரண்டு குளங்களில் வனாமி இறால் வளர்க்கிறேன். வாரம் ஒருமுறை வீச்சு வலை போட்டு எடை பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் சில இறால் உடம்பு வெளுத்து, வால் மடங்கிப் போகிறது. திரும்ப விட்டாலும் சில செத்துவிடுகின்றன. தண்ணீருக்குள் கேமரா வைத்தால் வலையே வேண்டாம், நோயும் முன்கூட்டியே தெரியும் என்கிறார் ஒரு வியாபாரி. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் அண்ணாச்சி. ஆனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்ப வேண்டும்.

குளம் முழுவதையும் கேமரா பார்க்காது. தண்ணீரின் தெளிவை அளக்க இறக்குகிற செக்கி தட்டு, நல்ல பச்சைத் தண்ணீரில் 30, 40 செ.மீ. ஆழத்திலேயே மறைந்துவிடும். இறாலுக்கு அதுதான் ஏற்ற தண்ணீர், கேமராவுக்கோ சுவர். கச்சான் வீசுகிற மாதங்களில் கரை மண்ணும் கலங்கி இன்னும் மோசமாகும்.

அதனால் கேமராவைச் செக் டிரேயில், அதாவது தீவனம் தின்கிறதா என்று பார்க்கத் தண்ணீருக்குள் இறக்குகிற வலைத்தட்டில் கட்டுங்கள், தட்டின் வலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். டிரேயின் அடியில் சென்டிமீட்டர் கோடு போட்ட வெள்ளை பிளாஸ்டிக் பட்டை ஒன்றைத் தைத்துவிடுங்கள். வனாமியின் உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் வெள்ளைப் பின்னணியில் குடல் கோடு தெளிவாகத் தெரியும். தீவனம் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். குடல் அறுபடாமல், தீவனத்தின் பழுப்பு நிறத்தில் நிறைந்திருந்தால் சரி. கறுப்பாக இருந்தால் அடிச்சேற்றைத் தின்கிறது, தீவனம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சிவந்த குடல் தெரிந்தால் உடனே அடியைத் துழாவிப் பாருங்கள். பெரும்பாலும் செத்த இறாலைத் தின்றதன் அடையாளம் அது. வெளிறிப் போய், தண்ணீரில் வெள்ளைக் கழிச்சல் நூல் நூலாக மிதந்தால், தீவனத்தைக் குறைத்துவிட்டு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். வெள்ளைப்புள்ளி வைரஸா, இ.எச்.பி. நுண்ணுயிரியா என்பதை பி.சி.ஆர். பரிசோதனைதான் சொல்லும், எந்தக் கேமராவும் சொல்லாது. அதற்குள் யாராவது ஆன்டிபயாடிக் பாட்டிலோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இரவில் வெள்ளை லைட் போட்டுப் பார்க்காதீர்கள், இறால் மிரண்டு துள்ளும். சிவப்பு விளக்கோ அகச்சிவப்புக் கேமராவோ போதும். அந்த ஒளியைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும் என்றாலும், ஒரு சாண் தூரத்துக்கு எட்டும். லென்ஸில் பாசி பிடிக்கும். தினமும் துடைக்க ஆள் இல்லையென்றால் இந்தச் செலவே வீண்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். டிரேக்கு வருவது தெம்பான இறால். சுணங்கியது கரையோரம் ஒதுங்கும், மேலே வந்து மிதக்கும். டிரே கேமராவை மட்டும் நம்பினால் குளம் ஜோராக இருப்பதாகவே தோன்றும். விடியலுக்கு முன் கரையைச் சுற்றி ஒரு நடை போவதை நிறுத்த வேண்டாம். தண்ணீரில் பிராணவாயு மிகவும் குறைந்திருக்கிற நேரம் அதுதான். பிராணவாயு மீட்டர் இன்னும் வாங்கவில்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள், கேமரா அப்புறம். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போக விடக் கூடாது.

வலையை அடியோடு விடவும் முடியாது. கலங்கல் தண்ணீரில் சாய்ந்தும் வளைந்தும் போகிற இறாலின் நீளத்தைப் படத்தில் அளந்து எடை கணக்கிட்டால், தீவனக் கணக்கே பிசகிவிடும். குடல் நன்றாக இருக்கிற வாரங்களில் எடை பார்ப்பதைத் தள்ளிப் போடலாம். உடம்பு வெளுப்பதும் வால் மடங்குவதும் வெயில், பிராணவாயுக் குறைவு, கையாளும் அதிர்ச்சி இவற்றால் வருவது. வெயில் ஏறுமுன், ஆனால் ஏரேட்டர் ஓடி பிராணவாயு தேறிய பிறகு வலை போடுங்கள். தோல் உரிக்கிற நாட்களில் வலை வேண்டாம். டிரேயில் உரித்த தோல் கிடப்பதைக் கேமராவே காட்டிவிடும். பிடித்ததைக் கரையில் குவிக்காமல் தண்ணீர் உள்ள வாளியில் போட்டு, கொஞ்சத்தை மட்டும் எடை பார்த்துச் சட்டென்று விட்டுவிடுங்கள்.

காசு கொடுக்கும் முன்னால், வியாபாரியின் கண்ணாடித் தொட்டியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் குளத்தில் ஒரு ராத்திரி கட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் குடல் கோடு தெரிந்தால் வாங்குங்கள். இறாலின் நிழல் மட்டும் ஓடினால் வேண்டாம்.