நைட்ரோ ஆர்சி போட் (ரிமோட்ல ஓட்டற, சின்ன இன்ஜின் வச்ச படகு) ஹல், அதாவது படகோட உடம்பு, கட்டி முடிச்சாச்சு, ஃபினிஷிங் பண்ணாம ஒரு தடவ தண்ணில ஓட்டிப் பாக்கலாமா?

வேணாங்க, தயவுசெஞ்சு ஓட்டாதீங்க. வெளிய கலர் இல்லாம ஓட்டினாகூட பரவால்ல, உள்பக்கம் ரெசின் (எப்பாக்சி) போடாம ஒரு சொட்டு ஃபியூல்கூட அந்த ஹல் மேல படக்கூடாது.

நீங்க சொன்னத வச்சு பாத்தா, ப்ளைவுட்ல மோனோ ஹல் (ஒரே உடம்பா இருக்கற படகு) ஒட்டி முடிச்சாச்சு, 3.5 சிசி இன்ஜின் ரெடியா இருக்கு, ஃபினிஷிங் வேலை மட்டும் இழுத்துக்கிட்டே போகுது. உங்க நிலைமை எனக்கு நல்லாவே புரியுது. ஹல்லு ரூம் மூலைல கெடக்கும், வீட்ல "இது எப்பத்தான் ஓடும்"னு கேக்க ஆரம்பிச்சிருப்பாங்க, உங்களுக்கும் கை நமநமன்னு இருக்கும். ஆனா நைட்ரோ ஃபியூல்ல மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் மட்டும் இல்ல, 15-லருந்து 20 சதவீதம் வரைக்கும் எண்ணெய் இருக்கு, விளக்கெண்ணெயோ சிந்தெடிக்கோ இல்ல ரெண்டும் கலந்தோ. மெத்தனால் எரிஞ்சிடும், எண்ணெய் பெரும்பாலும் எரியாமலே வெளிய வரும். பைப் வழியா போறது போக கார்புரேட்டர் வாய்லருந்து தெறிக்கறது, டேங்க் நிரப்பறப்ப சிந்தறது எல்லாம் ஹல்லுக்குள்ளதான் விழும். வெறும் ப்ளைவுட் அத குடிச்சிட்டா அதுக்கப்புறம் எந்த ரெசினும் நிக்காது, எந்த பெயின்ட்டும் நிக்காது.

இத இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம், எனக்கு முதல்ல கைக்கு வந்ததே அப்படி ஓட்டின ஒரு ஹல்தான். ஏரோமாடலிங் பழக்கத்துல ஒருத்தர் வெளிநாடு போறப்ப இன்ஜின், ரேடியோவோட சேத்து குடுத்துட்டு போனாரு. வெளிய அருமையான செவப்பு பெயின்ட். மூடிய தொறந்தா இன்ஜின் இருக்கற இடம் முழுக்க கருப்பேறி கெடக்கு, மவுன்ட் ஸ்க்ரூவ திருகினா திருகிக்கிட்டே இருக்கு, மரத்துல பிடிப்பே இல்ல. ஸ்க்ரேப்பர் வச்சு சுரண்டினேன், அசிட்டோன் போட்டு தொடைச்சேன், பாக்க சுத்தமா வெள்ளையா ஆயிடுச்சு. மறுநாள் காலைல பாத்தா அதே எடத்துல எண்ணெய் திரும்ப வேர்த்து நிக்குது. அடி லேயர் வரைக்கும் இறங்கிடுச்சு. அத காப்பாத்த வழியே இல்லன்னு ஃப்ரேம் எல்லாத்தையும் பிரிச்சு, அதையே அளவா வச்சு புதுசா 3 மி.மீ. பிர்ச் ப்ளைல வெட்டி, இன்ஜின் நிக்கற ரெண்டு கட்டைய மட்டும் பீச் மரத்துல போட்டு, மொதல்லருந்து கட்டினேன். அதுதான் இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு.

இப்ப உங்க விஷயம். பெயின்ட் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி ஹார்ட்வேர் அத்தனையும் ஒரு தடவ மாட்டிப் பாருங்க. இன்ஜின், ஸ்ட்ரட் (பின்னாடி ப்ரொப்பெல்லர் தண்ட தாங்கற பிடி), ஸ்டஃபிங் ட்யூப் (கேபிள் போற குழாய்), ரடர் (சுக்கான்), இன்ஜின குளிர வைக்க தண்ணி எடுக்கற குழாய், அந்த தண்ணி வெளிய போற ஓட்டை, சர்வோ (ரடரையும் த்ராட்டிலையும் அசைக்கற குட்டி மோட்டார்) பெட்டி, எல்லாத்துக்கும் ஓட்டை போட்டு முடிச்சிருங்க. இன்ஜின் சுத்தறத ப்ரொப்பெல்லருக்கு கொண்டுபோற ஃப்ளெக்ஸ் கேபிள் மாட்டறப்ப ட்ரைவ் டாகுக்கும் (ப்ரொப்பெல்லர பிடிச்சு சுத்தற துண்டு) ஸ்ட்ரட்டுக்கும் நடுவுல ஒரு 3, 4 மி.மீ. இடைவெளி விடுங்க. லோடு வந்தா கேபிள் முறுக்கேறி கொஞ்சம் குட்டையாகும், இடம் இல்லன்னா ஸ்ட்ரட்ட போய் அழுத்தி தேய்ச்சிடும். பேலன்ஸ் பாயின்ட் மோனோவுக்கு ட்ரான்சம்லருந்து (ஹல்லோட பின்பக்க பலகை) ஹல் நீளத்துல சுமார் 30 சதவீதத்துல வருதான்னும் இப்பவே பாத்துக்கங்க, டேங்க்க நகத்தணும்னா பெயின்ட்டுக்கு அப்புறம் நகத்தறது பாவம்.

அப்புறம் எல்லாத்தையும் கழட்டுங்க. ஸ்க்ரூ ஓட்டைங்கள பெருசாக்கி, ரெசின் ஊத்தி அடைச்சு, காஞ்சதும் சரியான சைஸ்ல திரும்ப ட்ரில் பண்ணுங்க. இப்படி செஞ்சா ஸ்க்ரூ மரத்த தொடாது, ரெசின்ல நிக்கும். உள்பக்கத்துக்கு மெதுவா காயற எப்பாக்சிய ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி தண்ணியாக்கி ப்ரஷ்ல தேயுங்க, ப்ளை ஓரங்கள் குடிச்சிக்கிட்டே இருக்கும், குடிக்கற வரைக்கும் குடுங்க. சாயந்திரம் பூசுங்க. காலைல பூசினா வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு ரெசின்ல குமிழ் குமிழா வரும், பொழுது சாஞ்சு மரம் குளிர ஆரம்பிச்சா அதுவே ரெசின உள்ள இழுத்துக்கும். வெளிப்பக்கத்துக்கு மெல்லிசான 50, 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தன கிராம்) கண்ணாடித் துணி போதும், தண்ணி டேங்க் ஒட்டறதுக்கு கடைல குடுக்கற மேட் வேணாம், வெயிட்டு ஏறிடும். எப்பாக்சி காஞ்சப்புறம் மேல மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு வரலாம், அத தண்ணியும் ஸ்க்ரப்பரும் வச்சு கழுவிட்டு அப்புறம்தான் உப்புத்தாள் (பேப்பர்) போட்டு தேய்க்கணும்.

பெயின்ட்ல என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் பக்கமே போகாதீங்க, மெத்தனால் பட்டா கரைஞ்சு வந்துடும். ஹார்ட்னர் கலக்கற ரெண்டு பாகம் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட்டுதான் தாங்கும். அத வீட்ல ஸ்ப்ரே பண்ணாதீங்க, ஹார்ட்னர்ல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. நான் கோயமுத்தூர்ல கார் பெயின்ட் பண்ற ஒரு அண்ணன்கிட்ட குடுத்து அடிச்சேன். ப்ரைமர் அடிச்சு அதுமேல கருப்ப லேசா தூவி, கட்டைல பேப்பர் சுத்தி தேச்சாரு, எங்க கருப்பு மிச்சம் நிக்குதோ அங்க பள்ளம்னு அர்த்தம், அங்க மட்டும் பட்டி பாத்தாரு. கைவேலை அவ்வளவு சுத்தம். ஆனா ஹல் அடிப்பக்கத்து ஓரங்கள்ல மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. "தம்பி, கூரா இருந்தா பெயின்ட் நிக்காது, லைட்டா ஒடைச்சு விட்டுர்றேன்"னாரு. அவர் சொல்றது காருக்கு சரி. போட்ல ட்ரான்சம் அடி ஓரம் வளைஞ்சிருந்தா தண்ணி சட்டுன்னு விட்டு பிரியாம அந்த வளைவோடவே ஒட்டி மேல ஏறி பின்பக்கத்த கீழ இழுக்கும், மூக்கு தூக்கும், வேகமும் போகும். "இல்லண்ணா, கூர்தான் வேணும்"னு சொல்லி பக்கத்துலயே நின்னேன். மாஸ்கிங் டேப்ப ஓரத்துக்கு வெளிய கொஞ்சம் நீட்டி ஒட்டி, அந்த இடுக்குல ரெசின் விட்டு, காஞ்சதும் தட்டையா தேச்சோம். விரல் வச்சா வெட்டற அளவுக்கு வந்துச்சு. அவரே அப்புறம் தடவிப் பாத்துட்டு "இப்ப புரியுது தம்பி"ன்னாரு.

இத படிச்சிட்டு "பிரஷ்லெஸ் கரன்ட் மோட்டாரும் லிப்போ பேட்டரியும் போட்டா இத விட வேகமா போகும், எதுக்கு இந்த பாடு"ன்னு யாராவது வருவாங்க. போகும், ஒத்துக்கறேன். எனக்கு வேகம் மட்டும் வேணும்னா நானும் அத வாங்கியிருப்பேன். ஃபியூல் அளவ மாத்தற நீடில் வால்வ கொஞ்சம் கொஞ்சமா திருகி, இன்ஜின் சத்தம் நாலு மாதிரி மாறி சரியான எடத்துல வந்து நிக்கறப்ப கேக்கறதுக்குத்தான் இத்தனையும். "மெத்தனாலுக்கு பதிலா பெட்ரோல் ஊத்தலாமா"ன்னு கேக்கறவங்களுக்கும் சேத்து சொல்லிடறேன், இன்ஜின பத்த வைக்கற க்ளோ ப்ளக்ல இருக்கற பிளாட்டினம் கம்பியும் மெத்தனாலும் சேந்துதான் பத்தும், பெட்ரோல் அதுல வேலை செய்யாது. மெத்தனால் வாங்கி வீட்ல கலக்கவும் வேணாம். அது விஷம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில அது கலந்த சாராயத்த குடிச்சு 60 பேருக்கு மேல செத்தாங்க, அதனால கடைல கேள்வி கேட்டா கோவப்படாதீங்க, கேக்கத்தான் வேணும். ஏரோமாடலிங் சாமான் விக்கறவங்ககிட்ட கலந்த ஃபியூலா பில்லோட வாங்கி, பூட்டி வைங்க.

எங்க ஓட்டறதுங்கறதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். கோயமுத்தூர சுத்தி குளத்துக்கா பஞ்சம்? ஆனா எந்தக் கரைல போய் நின்னாலும் பாதி குளம் ஆகாயத்தாமரை. அதோட வேர் ஒண்ணு ப்ராப்ல (ப்ரொப்பெல்லர்ல) சுத்தினா போதும், கேபிள் முறுக்கிக்கும். போட்ட விடுங்க, அது ஒரு ஆளோட ஆசை, தண்ணிய மூடி வெளிச்சம் உள்ள போகாம மீனே சாகுது. எடுக்கறாங்க, கரைலயே கொட்டி வைக்கறாங்க, அடுத்த மழைல திரும்ப உள்ள போகுது. சாக்கடைய உள்ள விடறத நிறுத்தாம செடிய மட்டும் அள்ளி என்ன பிரயோஜனம்? நான் சின்ன வயசுல நீச்சல் பழகின குளத்துல இன்னைக்கு தண்ணியே கண்ணுக்கு தெரியல. சிங்காநல்லூர் குளம் மாதிரி பறவைங்க இருக்கற எடத்துக்கு நைட்ரோ போட்ட கொண்டுபோகவே கூடாது, அது வேற விஷயம்.

கடைசில அம்மா ஊர்ப்பக்கம் ஒரு குளத்துலதான் விட்டேன். மீன் குத்தகை எடுத்தவர்கிட்ட மொதல்ல போய் கேட்டேன். "ஏனுங்க தம்பி, இந்த எண்ணெய் தண்ணில கலந்தா மீனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா"ன்னாரு, நியாயமான கேள்வி. சின்ன டேங்க்தானுங்க, ஓரமா கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிக்கறேனுங்கன்னு சொல்லி, அதையே கடைப்பிடிச்சேன். அவரே பரிசல எடுத்துட்டு வந்து நின்னுக்கிட்டாரு, நடுவுல இன்ஜின் நின்னா எடுத்துட்டு வர்றதுக்கு. புது இன்ஜின்னா ரிச்சா (ஃபியூல் கொஞ்சம் கூடுதலா போற மாதிரி) வச்சு பாதி த்ராட்டில்ல ஓட்டுங்க, சைடு ஓட்டைலருந்து தண்ணி பீச்சுதான்னு பாத்துக்கிட்டே இருங்க, பீச்சறது நின்னா உடனே கரைக்கு திருப்புங்க. முடிஞ்சதும் மிச்ச ஃபியூல எரிச்சு தீத்து, இன்ஜினுக்குள்ள ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடிச்சப்புறம் விடற எண்ணெய்) விடுங்க, மெத்தனால் ஈரத்த இழுக்கும், ராத்திரியோட பேரிங் துரு பிடிச்சிரும். கேபிள உருவி தொடைச்சு புது க்ரீஸ் போடுங்க.

ப்ராப் இன்னும் வாங்கலன்னா அவசரப்பட வேணாம். ஆக்டூரா கம்பெனி ப்ராப்ல எக்ஸ் 440ன்னு போட்டிருந்தா விட்டம் 40 மி.மீ., பிட்ச் (ஒரு சுத்துக்கு கணக்குப்படி முன்னேற வேண்டிய தூரம்) அதுல 1.4 மடங்குன்னு அர்த்தம், உங்க இன்ஜினுக்கு அந்த சைஸ விட சின்னதுல ஆரம்பிக்கறது நல்லது. ஹல் நீளமும் மொத்த வெயிட்டும் எழுதுங்க, பாத்து சொல்றேன்.