சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: தறி ஓட்டியவரின் காதுக்கு என்ன ஆனது?

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. குமாரபாளையத்தில் சின்ன வயதிலிருந்தே விசைத்தறி ஓட்டுகிறார். கூப்பிட்டால் திரும்புகிறார்; என்ன சொன்னோம் என்பதுதான் புரிவதில்லை. உரக்கச் சொன்னால் "ஏன் கத்தறே?" என்று கோபப்படுகிறார். காதில் அழுக்கு, எண்ணெய் காய்ச்சி ஊற்று என்கிறார் பாட்டி. காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கலாம். மெஷினுக்கும் அவசரப்படாதீர்கள். அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காதுத் துளை வழியாக வரும் ஒலி செவிப்பறையை அதிர வைக்கிறது. அதன் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். உடம்பிலேயே மிகச் சிறியது அங்கவடிதான், சுமார் 3 மி.மீ. செவிப்பறையின் அதிர்வை ஒரு சின்னத் திறப்பில் குவித்து உட்காதின் திரவத்துக்குள் தள்ளுவது அதன் வேலை. குறும்பி அடைத்தாலும் செவிப்பறை கிழிந்தாலும் இந்தப் பாதையில்தான் தடை. அப்போது எல்லாச் சத்தமும் மங்கும், ஆனால் உரக்கச் சொன்னால் புரிந்துவிடும். அப்பாவுக்கு அப்படி இல்லையே.

உட்காதில் காக்ளியா என்ற சுருள் இருக்கிறது. நீட்டினால் சுமார் 35 மி.மீ.தான். அதற்குள் ஒலியை உணரும் ஏறக்குறைய 15,000 உரோமச் செல்கள், ஆர்மோனியக் கட்டைகள் மாதிரி சுருதி வரிசையில் அமைந்திருக்கின்றன. நுழைவாயில் பக்கம் கீச்சென்ற ஒலிக்கு, உள் நுனி கனத்த ஒலிக்கு. ஜார்ஜ் வான் பெகேஷி என்ற அறிவியலாளர் இதை ஆராய்ந்துதான் 1961இல் நோபல் பரிசு பெற்றார். தறிக்கூட இரைச்சலில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4000 அதிர்வு) என்ற கீச்சுப் பகுதியில் உள்ள செல்கள். பறவைகளுக்கு இவை மறுபடி முளைக்கும். மனிதருக்கு, போனால் போனதுதான்.

பேச்சில் உயிரொலிகள் கனத்த பகுதியில் இருக்கின்றன. அவை அப்பாவுக்கு நன்றாகவே கேட்கும். ச, ட, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் கீச்சுப் பகுதியில். அதனால் 'கத்தி' எது, 'கட்டி' எது என்று குழம்பிப் போவார். உரக்கக் கத்தினால் கூடுவது உயிரொலிதான். இன்னொன்றும் உண்டு: மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் வெளி வரிசைச் செல்கள் சேதமானால், மெதுவாகச் சொன்னது கேட்காது, கொஞ்சம் உயர்த்தினால் காதைக் குத்தும். அவர் சிடுசிடுப்பது அதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? இ.என்.டி. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குறும்பி இருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார். அப்புறம் ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடாக வரைந்து காட்டும் சோதனை. 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளம் போல இறங்கியிருந்தால் இரைச்சல் பாதிப்பு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இது வழக்கமாக இரண்டு காதையும் சேர்த்தே பாதிக்கும். ஒரு காது மட்டும் மந்தம் என்றால் காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும்.

மெஷின் தேவைப்பட்டால், ஆடியோகிராமைப் பார்த்து எந்தச் சுருதிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) அமைத்துத் தருவதை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெருக்கும் மலிவான கருவி, நீங்கள் கத்துவதையே தானும் செய்யும். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். உதட்டசைவு பாதிச் சொல்லைக் கொடுத்துவிடும்.

அப்பா இன்னும் தறிக்குப் போகிறார் என்றால், மிச்சமிருக்கும் செல்களைக் காப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. பஞ்சை உருட்டி வைப்பது போதாது. நுரை அடைப்பானை உருட்டி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். உங்கள் வீட்டில் வேறு யாராவது தறி ஓட்டினால் அவர்களுக்கும் இதே.

ஒரு எச்சரிக்கை: என்றாவது ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், சளி என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அதற்கான மருந்து சீக்கிரம் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தரும்.