வலைப்பை வைத்து முழுத் தானியத்தில் வீட்டிலேயே பியர் காய்ச்ச எங்கிருந்து தொடங்குவது?

"நான்கு முறை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவை வைத்து வீட்டில் பியர் செய்துவிட்டேன். அடுத்து நேரடியாக மால்ட்டிலிருந்தே தொடங்க ஆசை. மூன்று பெரிய பாத்திரம் வைக்க இடமில்லை. ஒரு வலைப்பை போதும் என்கிறார்கள், நிஜமா?" இதுதான் உங்கள் கேள்வி.

நிஜம்தான். ஒரு பெரிய பாத்திரம், ஒரு பை, ஒரு நல்ல தெர்மாமீட்டர், அவ்வளவுதான். நானும் இப்படித்தான் மாறினேன், இதுவரை வேறு எதற்கும் போகவில்லை. ஆனால் பை எந்தத் துணி, எத்தனை அங்குலம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட நேரத்தில் பாதியை மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) எப்படி அரைபட்டிருக்கிறது என்று பார்ப்பதில் செலவழித்திருந்தால், என்னுடைய முதல் மூன்று ஈடும் சப்பென்று போயிருக்காது. அந்தக் கதை கீழே வருகிறது.

தொடங்கும் முன் ஒன்று. சொந்தத் தேவைக்கு வீட்டில் பியர் காய்ச்சுவது சில இடங்களில் அனுமதி, சில இடங்களில் குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரம் வாங்குங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் டப்பாவில் இருப்பது என்ன? மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, வடித்துச் சுண்டவைத்த சாறு. வேலையின் முதல் பாதியை ஆலையில் யாரோ முடித்து டப்பாவில் அடைத்துவிட்டார்கள். முழுத் தானிய முறையில் அந்தப் பாதியையும் நாமே செய்கிறோம். அந்த ஊறவைப்புக்கு மாஷ் என்று பெயர். வழக்கமான அமைப்பில் தண்ணீர் சூடாக்க ஒரு பாத்திரம், மாஷுக்கு அடியில் சல்லடை வைத்த ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று. மாஷ் முடிந்ததும் சக்கையின் மேல் வெந்நீர் ஊற்றி, ஒட்டியிருக்கும் சர்க்கரையைக் கழுவி எடுப்பார்கள். வலைப்பை முறையில் முழுத் தண்ணீரையும் முதலிலேயே ஒரே பாத்திரத்தில் சூடாக்கி, பையை உள்ளே விரித்து, மால்ட்டைக் கொட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பையைத் தூக்கிவிடுகிறோம். மிச்சமிருக்கும் சாறு, அதாவது வோர்ட், அதே பாத்திரத்தில் கொதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் 2000-களில் பரப்பிய வழி இது. கழுவும் வேலை இல்லாததால் கொஞ்சம் சர்க்கரை சக்கையோடு போகும். மால்ட்டைச் சற்றுக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும்.

முதல் தடவை 10 லிட்டருக்கு மேல் போகாதீர்கள். 20 லிட்டர் ஈட்டுக்கு ஏறத்தாழ 4.5 கிலோ மால்ட் வேண்டும். தண்ணீர் குடித்த பிறகு அது 8, 9 கிலோ எடையில், கையைச் சுடுகிற சூட்டில், சொட்டச் சொட்டத் தொங்கும். அதைத் தூக்கிப் பிடிக்கக் கப்பியும் கொக்கியும் தேடவேண்டி வரும். 10 லிட்டருக்குப் பேல் மால்ட் 2 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம் போதும். என் கணக்கில் இது 1.046 பக்கம் அடர்த்தி (தண்ணீர் 1.000 என்று வைத்தால்) தரும், புளித்து முடிந்தால் 4.5-லிருந்து 5 சதவீத ஆல்கஹால். பேல் மால்ட்தான் இங்கே உழைப்பாளி. மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் அதில்தான் இருக்கின்றன. கிரிஸ்டல், வறுத்த மால்ட் எல்லாம் நிறத்துக்கும் சுவைக்கும் மட்டும். சூட்டில் அவற்றின் நொதிகள் செத்துப்போயிருக்கும்.

தண்ணீர்க் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கடைசியில் வேண்டியது 10 லிட்டர். அடியில் தங்கும் வண்டலோடு போவது அரை முதல் முக்கால் லிட்டர். ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாவது 3 லிட்டர் வரை. இது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்து நிறையவே மாறும், வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு உங்கள் பாத்திரத்தின் எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பிழிந்த பிறகும் சக்கை கிலோவுக்குச் சுமார் 0.6 லிட்டர் வைத்துக்கொள்ளும். எல்லாம் கூட்டினால் 15 லிட்டர். மால்ட்டும் ஒன்றரை லிட்டர் இடம் பிடிக்கும் என்பதால் 20 லிட்டர் பாத்திரத்துக்குக் குறைந்து எதுவும் சரிவராது. நீளமான ஒரு மரக்கரண்டியில் லிட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நான் வாங்கிய எந்த உபகரணத்தையும்விட அந்தக் கரண்டிதான் அதிகம் உதவியிருக்கிறது.

இனி அந்த மூன்று ஈட்டின் கதை. 1.046 எதிர்பார்த்த இடத்தில் முதல் ஈடு 1.034. இரண்டாவது 1.032. மூன்றாவது மறுபடியும் 1.034. முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டுப் புதிது வாங்கினேன். பிறகு தண்ணீர். பிறகு மாஷ் நேரத்தை 90 நிமிடமாக்கினேன். சூடான வோர்ட்டில் ஹைட்ரோமீட்டரை (அடர்த்தி அளக்கும் மிதவையை) விட்டால் எண் குறைவாகக் காட்டும் என்று எங்கோ படித்துவிட்டு, 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தேன். (அது உண்மைதான், நீங்களும் ஆறவைத்தே அளக்க வேண்டும்; ஆனால் என் நோய் அது இல்லை.) நான்காவது ஈட்டுக்கு முன் மால்ட்டில் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினேன். பத்துத் தானிய மணியில் இரண்டு மூன்று முழுசாக அப்படியே கிடந்தன. வாங்கின இடத்தில் அரைத்துக் கொடுத்ததை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. முழு மணிக்குள் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஒழுங்காக இறங்காது, உள்ளே இருக்கும் மாவு மாவாகவே வெளியே போகும். அன்று அதையே இன்னொரு முறை அரைத்தேன். 1.045.

சல்லடை வைத்துக் காய்ச்சுகிறவர்கள் அரைப்பைக் கொரகொரவென்று வைப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே உமிதான் வடிகட்டி. ரொம்பப் பொடித்தால் அடைத்துக்கொண்டு சொட்டுகூட இறங்காது. நம்மிடம் வடிகட்டி பைதானே, அந்தப் பயம் வேண்டியதில்லை. உருளை ஆலை என்றால் பொதுவாகச் சொல்லும் 1 மில்லிமீட்டர் இடைவெளியை 0.7 அளவுக்குக் குறைக்கலாம், அல்லது இருக்கிற இடைவெளியிலேயே இரண்டு முறை விடலாம். தாளில் பரப்பினால் முழு மணி ஒன்றும் இருக்கக் கூடாது. உமி கிழிந்து, உள்ளே இருந்தது குருணையும் கொஞ்சம் மாவுமாக இருக்க வேண்டும். மொத்தத்தையும் மாவாக்கிவிடாதீர்கள், வடிய நேரம் எடுக்கும், வோர்ட்டும் குழம்பிப்போகும்.

மாஷ் நாள். 15 லிட்டரை 69.5 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 25 டிகிரியில் இருக்கும் 2.2 கிலோ மால்ட் விழுந்ததும் 67-க்கு வந்து நிற்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருந்தால் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் சிட்டிகையளவு கலந்துவிடுங்கள். குளோரின் இருந்தால் பியரில் மருந்து வாடை அடிக்கும், பிறகு எதுவும் செய்ய முடியாது. தண்ணீரின் உப்புக் கணக்கு, பிஎச் (அமில, கார அளவு) எல்லாம் ஐந்தாறு ஈடு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுப்பை அணைத்து, பையை விரித்து, வாய் ஓரத்தைப் பாத்திர விளிம்பில் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஒருவர் கொட்ட ஒருவர் துழாவினால் கட்டி தட்டாது. தனியாக என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். கட்டி விழுந்தால் உடைத்தே ஆகவேண்டும், அதன் நடுவில் காய்ந்த மாவு அப்படியே இருக்கும். மூடி, பழைய கம்பளி இரண்டைச் சுற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

ஏன் 67? இரண்டு நொதிகள் வேலை செய்கின்றன. பீட்டா அமிலேஸுக்கு 60-லிருந்து 65 டிகிரி வரை பிடிக்கும், ஈஸ்ட் தின்னக்கூடிய சிறு சர்க்கரையாக வெட்டித் தரும். ஆல்ஃபா அமிலேஸ் 70 டிகிரியை ஒட்டி வேகமாக ஓடும், ஆனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பெரிய துண்டுகளையும் விட்டுவைக்கும். அதனால் 64-இல் மாஷ் செய்தால் பியர் மெலிந்து வறண்டிருக்கும், 69-இல் செய்தால் வாயில் கனமாக நிற்கும். நடுவில் நிற்பது முதல் ஈட்டுக்குப் பாதுகாப்பு. சின்ன ஈடு சீக்கிரம் ஆறும்; ஒரு மணி நேரத்தில் மூன்று டிகிரி இறங்கினால் பதற வேண்டாம், மாற்றம் பெரும்பாலும் முதல் அரைமணியிலேயே நடந்துவிடும். பை அடியில் படிந்திருக்கும்போது மட்டும் அடுப்பை மூட்டாதீர்கள். என் முதல் பை அப்படித்தான் உருகி ஓட்டையானது. சூடாக்கியே ஆகவேண்டும் என்றால் அடியில் ஒரு கம்பித் தட்டு வைத்துவிட்டு, துழாவிக்கொண்டே செய்யுங்கள்.

பையைத் தூக்கி வடியவிட்டு, பாத்திரத்தின் மேல் ஒரு கம்பித் தட்டு போட்டு அதில் உட்காரவைத்துப் பிழியுங்கள். கனமான ரப்பர் கையுறை வேண்டும். பிழிந்தால் துவர்ப்பு இறங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் பிழிந்தும் பிழியாமலும் காய்ச்சிப் பார்த்தேன், குடித்த ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உமியின் டானின் இறங்குவதற்குக் காரணம் அதிகச் சூடும், 6-ஐத் தாண்டும் பிஎச்சும். கையால் பிழிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிழியாமல் விட்டால் ஒரு லிட்டர் வோர்ட் குப்பைக்குப் போகும், அதுதான் மிச்சம்.

கொதிப்பு எக்ஸ்ட்ராக்டில் நீங்கள் ஏற்கனவே செய்ததுதான். முதல் பத்து நிமிடம் பொங்கி வழியப் பார்க்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். மூடி போடாதீர்கள், வெளிர் மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு போக வேண்டும், இல்லாவிட்டால் வேகவைத்த சோள வாசம் தங்கும். கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம் கொண்ட ஹாப்ஸ் (ஒரு கொடியின் உலர்ந்த பூ) 15 கிராம் தொடக்கத்தில், 10 கிராம் கடைசிப் பத்து நிமிடத்தில். முதலாவது கசப்புக்கு, இரண்டாவது மணத்துக்கு. வீட்டில் நாய் இருந்தால் வடிகட்டிய ஹாப்ஸை அது எட்டாத இடத்தில் போடுங்கள். நாய்க்கு ஹாப்ஸ் விஷம்.

அடுப்பை அணைத்த நொடியிலிருந்து சுத்தம்தான் சட்டம். அதற்கு முன் விழுந்த எதையும் கொதிப்பு கொன்றுவிடும். அதற்குப் பின் வோர்ட்டைத் தொடும் கரண்டி, குழாய், மூடி எல்லாம் கிருமிநாசினியில் நனைந்தே வர வேண்டும். 10 லிட்டரை ஐஸ் போட்ட தொட்டியில் உட்காரவைத்தால் முக்கால் மணியில் 20 டிகிரிக்கு வந்துவிடும், அதுவும் சின்ன ஈட்டின் சௌகரியம். புளிக்கவைக்கும் கலனுக்கு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், ஈஸ்ட்டுக்குக் காற்று வேண்டும். 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட்டில் பாதி போதும். நான் முழுசாகவே போட்டுவிடுகிறேன், ஒன்றும் கெடவில்லை. ஏல் ஈஸ்ட் என்றால் 18-லிருந்து 20 டிகிரி. முதல் மூன்று நாளில் கலன் தானே சூடேறும். அப்போது அறைச் சூடும் கூடினால் பழ வாசமும் காரமான ஆல்கஹால் நெடியும் வரும்.

இரண்டு வாரம் கழித்து அளந்துபாருங்கள், 1.010 பக்கம் வந்திருக்க வேண்டும். மூன்று நாள் விட்டு மறுபடி அளந்தும் எண் மாறவில்லை என்றால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம். ஏர்லாக்கில் (கலனின் வாயுவை மட்டும் வெளியே விடும் அடைப்பில்) குமிழி நின்றுவிட்டது என்பதை நம்பி ஒருமுறை அடைத்தேன். நள்ளிரவில் இரண்டு பாட்டில் வெடித்தது. கண்ணாடித் துண்டு கதவில் குத்தி நின்றது. அன்று முதல் எண்ணை மட்டுமே நம்புகிறேன்.

பை எந்தத் துணி என்பது கடைசியில் சொல்லும் அளவுக்குத்தான் முக்கியம். திரைச்சீலைக்குப் பயன்படும் 'வாயில்' (voile) என்ற மெல்லிய பாலியெஸ்டர் துணி நன்றாக வேலை செய்கிறது. பாத்திரம் முழுவதும் உள்ளே விரிந்து, வாய்க்கு வெளியேயும் மடியும் அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருந்தால் மால்ட் நடுவில் உருண்டையாக அடைந்து, தண்ணீர் உள்ளே போகாது. அடித்தையலை இரண்டு முறை ஓட்டுங்கள், எடை முழுவதும் அங்கேதான். சக்கையைக் கொட்டியதும் பையை உடனே உள்பக்கம் திருப்பி அலசிக் காயப்போடுங்கள். ஒரு இரவு அப்படியே கிடந்தால் வரும் புளித்த நாற்றம் இரண்டு துவைப்புக்கும் போகாது. சோப்பு போடாதீர்கள், வாசம் துணியிலேயே தங்கிவிடும்.