புது பார்பிக்யூ செய்முறையை விருந்துக்கு முன் செய்து பார்க்க வேண்டுமா?

கட்டாயம் ஒரு தடவையாவது செய்து பாருங்கள், அதுவும் விருந்தன்று பயன்படுத்தப்போகும் அதே அடுப்பில், அதே கரியில், ஏனென்றால் மசாலா அப்படியே இருந்தாலும் சூடு மாறினால் எல்லாமே மாறிவிடும். 4 கோழிக்கால் போதும். தேனோ சர்க்கரையோ சேர்ந்த சாஸை ஆரம்பத்திலேயே தடவினால் உள்ளே வேகும் முன் வெளியே கருகிவிடும், கடைசி 10 நிமிடத்தில் தடவுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், எலும்பில் படாமல் தடித்த பகுதியில் தெர்மாமீட்டரைச் செருகி 74 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று பாருங்கள். கரி சாம்பல் பூக்க எவ்வளவு நேரம், கறி வேக எவ்வளவு நேரம் என்று எழுதி வையுங்கள், எனக்கு இதுதான் ரொம்ப உதவியது. அப்புறம், உப்பு பார்க்கிறேன் என்று பச்சைக் கறி ஊறிய மசாலாவை நாக்கில் வைக்கவே கூடாது. சின்னத் துண்டு ஒன்றைத் தோசைக்கல்லில் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.