பிதாகரஸும் மூன்று மொழிபெயர்ப்பாளர்களும்

அன்புள்ள சார்,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் தினம் ஏதாவது அனுப்புவார். போன வாரம் வந்தது, பிதாகரஸ் இந்தியாவில் படித்துவிட்டுப் போனவர், மறுபிறவியும் புலால் மறுப்பும் இங்கே கற்றவை, கிரேக்கத் தத்துவமே நம்மிடம் வாங்கிய கடன் என்று. சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் மறுபிறவிப் பேச்சு எழுவது வெறும் தற்செயலா?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

மாமா சொன்னதில் முக்கால்வாசி தேறாது. உங்கள் கேள்வி தேறும்.

பிதாகரஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்காரர், அவர் எழுதியதாக ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. அவருடைய மறுபிறவி நம்பிக்கைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியே ஒரு நக்கல் பாட்டுதான். யாரோ நாய்க்குட்டியை அடிக்கிறார்கள், அந்த வழியாகப் போன பிதாகரஸ் பதறிப்போய், 'அடிக்காதே, அது என் நண்பனின் உயிர், குரலை வைத்தே தெரிந்துகொண்டேன்' என்கிறார். எழுதியவர் அதே காலத்துக் கவிஞர் செனோபனிஸ். பிராமணர்களிடம் படித்தார் என்பதெல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த எழுத்து, அப்படி எழுதியவர்கள் அவரை எகிப்துக்கும் பாபிலோனுக்கும்கூட அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, இங்கேயே மறுபிறவி அப்போது புதுச் சரக்கு. பிருகதாரண்யக உபநிடதத்தில் ஆர்த்தபாகன், செத்த பிறகு மனிதன் எங்கே போகிறான் என்று சபையில் கேட்கிறான். யாக்ஞவல்கியர் பதில் சொல்லாமல், 'கையைக் கொடு, இதை இத்தனை பேர் நடுவில் பேச வேண்டாம்' என்று தள்ளி அழைத்துப்போகிறார். ஊருக்கே தெரிந்த விஷயத்தை யாரும் இப்படி ஒதுக்குப்புறமாகப் போய்ப் பேச மாட்டார்கள்.

சரி, தொடர்பே கிடையாதா? வழி இருந்தது, அது பாரசீகம் வழியாக. பாரசீக மாமன்னன் தாரயவௌஷ் (டேரியஸ்) காலத்தில் கிரேக்க நகரங்கள் ஒரு கோடியிலும் சிந்துவெளி மறுகோடியிலுமாக இரண்டும் ஒரே ராஜாவுக்குக் கப்பம் கட்டின. அவன் சூசாவில் கட்டிய அரண்மனையின் கல்வெட்டில் தந்தம் வந்த இடங்களில் சிந்துவும் இருக்கிறது, கல் செதுக்கியவர்களில் 'யௌனா', அதாவது கிரேக்கர்கள், இருக்கிறார்கள். நம் சங்கப் பாட்டில் வரும் யவனரும் இந்தச் சொல்லின் வழி வந்தவர்தான். தந்தத்தை இறக்கியவனும் கல்லைச் செதுக்கியவனும் சாயங்காலம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நான் இதை வைத்து மறுபிறவி இங்கிருந்து அங்கே போனது என்று சொல்ல மாட்டேன், போகவே வழியில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நிஜமாகவே பதிவான ஒரு பேச்சு உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. கி.மு. 326, தட்சசீலம். அலெக்சாந்தர் ஒனெசிகிரிட்டஸ் என்பவரை ஊருக்கு வெளியே இருந்த நிர்வாணத் துறவிகளிடம் அனுப்புகிறான். மற்றவர்கள் வெறுங்காலோடு நடக்கவே முடியாத மத்தியான வெயிலில் ஒருவர் கல் மேல் படுத்திருக்கிறார், பெயர் கலனோஸ். ஒனெசிகிரிட்டஸின் அங்கி, தொப்பி, பூட்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாடம் கேட்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இந்தக் கல் மேல் படு என்கிறார். அவர்களில் மூத்தவரான மண்டனிஸ்தான் கொஞ்சம் இரக்கப்பட்டுப் பேசுகிறார். நடுவே மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். இவர்கள் மூலம் தத்துவம் சொல்வது சேற்றுக்குள் தண்ணீரை விட்டுத் தெளிவாக வா என்பது போல, என்று அவரே அலுத்துக்கொள்கிறார். உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட பேச்சு உண்டா என்று கேட்க, ஒனெசிகிரிட்டஸ் பிதாகரஸ் பெயரைச் சொல்கிறார், புலால் வேண்டாம் என்றவர் என்று! கவனியுங்கள், இங்கே பிதாகரஸ் நம்மிடம் படித்த மாணவராக வரவில்லை, கிரேக்கர் தம் சரக்காக எடுத்துக் காட்டும் ஆளாக வருகிறார். மண்டனிஸ் ஒத்துக்கொண்டு, ஆனாலும் துணியைக் கழற்ற வெட்கப்படுகிறீர்களே என்கிறார்.

அதே படையோடு வந்த கிரேக்கத் தத்துவவாதி பிரோ. ஊர் திரும்பி, எதைப் பற்றியும் உண்டு என்றோ, இல்லை என்றோ, இரண்டும் என்றோ, இரண்டும் அல்ல என்றோ தீர்மானமாகச் சொல்ல முடியாது என்ற போக்கில் பேசினார். புத்தர் காலத்துச் சஞ்சய பேலட்டிபுத்தர் பேச்சும் இதே நான்கு கிளைதான். இப்படிப் பேசுகிறவர்களை விலாங்கு மீன் போல நழுவுகிறவர்கள் என்று பாலி நூல்கள் கேலி செய்யும். கடன் என்று சந்தேகப்பட ஒரு நல்ல இடம் வேண்டுமென்றால் மாமா இங்கே வரலாம், இங்கே ஆளும் பயணமும் இருக்கிறது. ஆனாலும் பிரோவின் குருவே புலன்களை நம்பாத பழைய கிரேக்க மரபில் வந்தவர், ஆக பாதிச் சரக்கு ஊரிலிருந்தே கொண்டுவந்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம், கடன் என்றால் இரண்டு பக்கமும் கணக்கு எழுத வேண்டும். அடுத்த முறை மாமா யாருக்காவது ஜாதகம் பார்த்து, குரு கேந்திரத்தில் இருக்கிறார், இந்த ஹோரையில் காரியம் தொடங்கலாம் என்று சொல்லும்போது, கேந்திரம் 'கென்ட்ரோன்' என்ற கிரேக்கச் சொல், ஹோரை 'ஹோரா' என்ற கிரேக்கச் சொல் என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். குழுவில் உங்களை விட்டுவைத்தால் எனக்கும் எழுதுங்கள்.